ஆடாத செடி

காற்று அடித்தபோது நான்கு செடிகள் ஆடின. நடுவில் இருந்தது ஆடவில்லை.

அலுவலகத்துக்குக் கிளம்பும் அவசரத்தில், கார்க் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தபடியே அவன் அதைப் பார்த்தான். வீட்டின் பக்கவாட்டுச் சுவரோரம் அவனும் மனைவியும் சேர்ந்து நட்ட ஐந்து செடிகள் வரிசையாக நின்றன, எல்லாம் முழங்கால் உயரம், ஒரே அச்சில் வார்த்த மாதிரி. எதிரே இருந்த காலி மைதானத்தில் தடுக்க ஒரு மரம்கூட இல்லாததால், அங்கிருந்து கிளம்பும் காற்று புழுதியையும் காய்ந்த புல்லின் வாசனையையும் அள்ளிக்கொண்டு நேராக அந்தச் சுவரில்தான் வந்து மோதும். நான்கு செடிகளும் சுவர்ப் பக்கமாகக் குனிந்து நிமிர்ந்து, மறுபடி குனிந்தன. நடுச்செடியின் இலைகள் மட்டும் படபடத்தன. தண்டு அசையவே இல்லை. அடியில் யாரோ உட்கார்ந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தால் எப்படி நிற்குமோ அப்படி நின்றது.

வேர் ஆழமாகப் போயிருக்கும் என்று சொல்லிக்கொண்டு காரில் ஏறினான். தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வதில் அவன் கைதேர்ந்தவன். ஒரு வருடமாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறான்.

செடி வைக்கலாம் என்று ஆரம்பித்தது அவன்தான். அந்தச் சுவர் மொட்டையாக நிற்கிறது, வெயிலுக்கும் காற்றுக்கும் பெயிண்ட் உரிந்துகொண்டே இருக்கிறது, கீழே கொஞ்சம் பச்சை இருந்தால் நன்றாயிருக்கும் என்று மனைவியிடம் சொன்னபோது அவள் கண் கலங்கிவிட்டது. அவள் அண்ணனும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாராம். அவனுக்கு அது தெரியாது. அவனுக்கு வேண்டியிருந்தது அந்தச் சுவரிலிருந்த பிரஷ்கோட்டை மறைக்க ஏதாவது ஒன்று.

நர்சரிக்காரம்மா லேசில் செடி விற்கிற ஆள் இல்லை. பெண் பார்க்க வந்தவர்களை விசாரிப்பது போல விசாரித்தார். வெயில் காலையிலா மதியத்திலா, காற்று எந்தப் பக்கம், சுவரில் ஜன்னல் உண்டா, வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டா. செம்பருத்தி என்று மனைவி ஆசைப்பட்டாள். அந்தக் காற்றுக்கு அது ஒடிந்து தொங்கும் என்றார். காகிதப்பூ நிற்கும், ஆனால் நடக்கிற வழியில் முள் கிழிக்கும். அரளி எதையும் தாங்கும், ஆனால் அது விஷச்செடி, வீட்டை ஒட்டி வேண்டாம் என்றார். இலை சின்னதாக, தடிப்பாக இருக்க வேண்டும், வேர் அஸ்திவாரத்துக்குள் மூக்கை நுழைக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே பின்வரிசைக்கு நடந்து, கரும்பச்சையில் குட்டையாக நின்ற ஒரு செடியைத் தட்டிக் காட்டினார்.

"இதுக்கு என்னமோ நீளமா ஒரு பேரு இருக்கு, எனக்கு வாயில நுழையாது. நாங்க பிடிவாதக்காரன்னுதான் சொல்லுவோம். பிடிக்கிறதுக்குத்தான் நாளாகும். பிடிச்சிருச்சுன்னா விடாது."

சுவரை ஒட்டியே நடலாமா என்று அவன் கேட்டான். அந்தக் கோட்டை எவ்வளவு சீக்கிரம் மறைக்கிறதோ அவ்வளவு நல்லது. நர்சரிக்காரம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒரு ஆள் நிக்கிற அளவுக்கு இடம் விட்டு வைங்க சார். நாளைக்குப் பெயிண்ட் அடிக்கணும்னா ஏணியை எங்க வைப்பீங்க?"

மனைவி சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டாள். அவன் தொட்டிகளை எண்ணுவது போலக் குனிந்துகொண்டான். அந்தம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, பாவம். கிளம்பும்போது பக்குவம் சொல்லி அனுப்பினார். கம்பு நட்டு இறுக்கிக் கட்டக் கூடாது. காற்றில் ஆட விட்டால்தான் வேர் பிடிக்கும். கொஞ்ச நாள் கழித்துத் தண்டை அடியில் பிடித்து லேசாக இழுத்துப் பார்க்க வேண்டும். கையோடு வந்தால் பிடிக்கவில்லை. வராவிட்டால் பிடித்துவிட்டது.

செடி ஆடாததைப் பார்த்த அன்று சாயங்காலம் அலுவலகத்திலிருந்து வந்ததும் அவன் நேராகச் சுவரோரம் போனான். வெயில் இறங்கியிருந்தாலும் சுவர் இன்னும் அனலாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. நடுச்செடியைக் கயிற்றால் யாராவது கட்டியிருக்கிறார்களா என்று இலைகளை விலக்கிப் பார்த்தான். கயிறு இல்லை, கம்பு இல்லை. செடிக்கும் சுவருக்கும் நடுவே விட்ட இடத்தில் காற்றே இல்லை. வெளியே அவ்வளவு ஆர்ப்பாட்டம் நடக்கும்போது அங்கே மட்டும் அறைக் கதவைச் சாத்தினது போல ஓர் அமைதி. அந்த அமைதிக்குள் ஒரு வாசனை நின்றது. பெயிண்டில் கலக்கும் டர்பன்டைன். அதோடு வெயிலில் வேலை செய்த மனிதனின் சட்டை வாசனை.

ஓர் இலையின் மேல் வெள்ளையாக ஏதோ சொட்டியிருந்தது. பறவை எச்சம் என்று விரலால் வழித்தான். பிசுபிசுத்தது. முழு வெள்ளை இல்லை, லேசாக மஞ்சள் கலந்த வெள்ளை. அந்த நிறத்தில் இப்போது வீட்டில் பெயிண்ட் கிடையாது. மிச்சமிருந்த டின்னைப் போன வருடமே அவன் தூக்கி எறிந்துவிட்டான்.

நிமிர்ந்து சுவரைப் பார்த்தான். பார்க்கவே கூடாது என்று வைத்திருந்த விரதம் உடைந்தது. மேலே, மாடி ஜன்னலுக்குப் பக்கத்தில், புதுப்பெயிண்ட் பாதியோடு நின்றது. அங்கிருந்து ஒரு பிரஷ்கோடு சாய்வாகக் கீழே இறங்கி, வரவர மெலிந்து, ஆள் உயரத்துக்கு வந்து முடிந்தது.

மனைவியின் அண்ணன், அவனுடைய மச்சான், பெயிண்டர் இல்லை, பஸ் டிரைவர். தங்கை வீட்டில் ஆணி அடிப்பதாக இருந்தாலும் தானே வந்து அடிக்க வேண்டும் அவருக்கு. நான் ஒருத்தன் இருக்கும்போது வெளியாள் எதற்கு என்பார். போன வருடம் அந்தச் சுவருக்குப் பெயிண்ட் அடித்த அன்று மனைவி கடைக்குப் போயிருந்தாள். மச்சான் ஏணியில் ஏறினார், அவன் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டான். நாளெல்லாம் பஸ் ஓட்டுகிறவருக்கு உயரம் என்றால் பயம். அதை ஒப்புக்கொள்ள மாட்டார், பாட்டுப் பாடுவது போல ஒரு கேள்வியை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பிடிச்சிருக்கீங்களா மாப்ள?"

"பிடிச்சிருக்கேன் மச்சான்."

பிடரி எரிந்தது. கண்ணுக்குள் வியர்வை இறங்கியது. ஏணி கல்லுப் பிள்ளையார் மாதிரி அசையாமல்தானே நிற்கிறது, இதை ஒருத்தன் பிடித்துக்கொண்டு வேறு நிற்க வேண்டுமா என்று தோன்றியது. நான்கு எட்டு வைத்தால் சுவரின் மூலை. மூலைக்கு அந்தப் பக்கம் நிழல். நிழலில் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டான். அங்கிருந்து ஏணி தெரியாது. மறுபடி கேள்வி வந்தபோது அங்கிருந்தபடியே, கொஞ்சம் அலுப்போடு பதில் சொன்னான். "பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன்." அதை நம்பித்தான் மச்சான் ஜன்னலுக்கு மேலே எட்டியிருக்க வேண்டும்.

பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. அலுமினியம் சுவரில் உரசுகிற கிறீச், ஒரு தொப்பென்ற ஓசை, பிறகு பெயிண்ட் டின் சிமெண்டில் உருண்டு உருண்டு நிற்கிற சத்தம்.

ஓடி வந்தான். மச்சானின் கண் திறந்திருந்தது. அவர் பக்கத்தில் குனிவதற்கு முன்னால், யாரையும் கூப்பிடுவதற்கு முன்னால், அவன் செய்த முதல் காரியம் இரண்டு உள்ளங்கையையும் சுவரின் சொரசொரப்பில் வைத்து அழுத்தித் தேய்த்தது. இரத்தம் வரும்வரை தேய்த்தான். ஏன் என்று அப்போது அவன் யோசிக்கவில்லை, கை தானாகச் செய்தது. காற்று ஏணியைப் பிடுங்கிக்கொண்டு போனது, விடாமல் பிடித்துப் பார்த்தேன், முடியவில்லை என்று வந்தவர்களிடம் அழுதபோது எல்லோரும் அந்தக் கைகளைத்தான் பார்த்தார்கள். துக்கம் முடிந்த இரவுகளில் மனைவி அந்தக் கைகளுக்கு மருந்து போட்டாள், ஊதி ஊதிப் போட்டாள். அந்தத் திறந்திருந்த கண் அவன் கை தேய்த்ததைப் பார்த்ததா இல்லையா என்பது மட்டும் அவனுக்கு இன்றுவரை தெரியாது.

விரலில் ஒட்டியிருந்த பெயிண்டை மண்ணில் துடைத்துவிட்டு உள்ளே போனான். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குச் சொல்லிவிடுவது என்று நிஜமாகவே நினைத்தான். ஆனால் நடுச்செடியைப் பிடுங்கிவிடலாமா என்றுதான் வாயில் வந்தது.

ஏன் என்றாள். அது சரியில்லை என்றான். நல்லாத்தானே நிக்குது, அஞ்சுல அதுதான் கெட்டியா நிக்குது என்று அவள் சொன்னாள். பிறகு மடித்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, அவனைப் பார்க்காமலே பேசினாள்.

"அந்த இடத்தைப் பார்த்தா உங்களுக்கு என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? அண்ணன் போனது போனதுதான். ஆனா கடைசி வரைக்கும் நீங்க கையை விடாம பிடிச்சிருந்தீங்க. அதை நினைச்சுத்தான் நான் நடமாடிக்கிட்டிருக்கேன். அது இல்லேன்னா எனக்கு ஒண்ணும் இல்ல."

அவன் உள்ளங்கைகளை மடக்கிக்கொண்டான். இனி எந்த வாயால் சொல்வது?

அடுத்து வந்த நாட்களில் அவன் வீட்டுக்குள் நுழையச் சுற்றுவழி கண்டுபிடித்தான். பின்கதவு வழியாகப் போய்வந்தான். ஆனாலும் உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. காற்று எழும்பும்போது நான்கு செடிகளும் சரசரவென்று ஆடும், நடுவில் மட்டும் ஒரு மௌனம், வரிசையில் ஒரு பல் விழுந்த மாதிரி. ஹாலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே அந்த மௌனத்தைக் கேட்கப் பழகிவிட்டான். நர்சரிக்காரம்மாவுக்குப் போன் செய்து, ஒரு செடி மட்டும் ஆட மாட்டேன் என்கிறது என்றான். யாராவது இறுக்கிக் கட்டிட்டீங்களா என்று கேட்டார். இல்லை என்றான். அந்தக் காத்துல ஆடாம ஒரு செடி நிக்காது சார், யாராவது பிடிச்சிக்கிட்டுத்தான் இருக்கணும் என்று சொல்லிவிட்டு, தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். இழுத்துப் பாருங்க, பிடிச்சிருச்சான்னு சொல்லுங்க என்று போனை வைத்தார்.

விடுமுறை நாளன்று மனைவி ஏணியை வெளியே எடுத்தாள்.

ஏணி உரசும் ஓசை கேட்டதும் குளியலறையிலிருந்து ஈரத் தலையோடு ஓடிவந்தான். அவள் அதைச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தாள், நடுச்செடிக்கும் அடுத்ததற்கும் இடையில். செடி வளர்ந்து கீழே மறைத்தாலும் மேலே அந்தக் கோடு இருக்கும், தினம் தினம் அதைப் பார்க்க முடியாது, இன்றைக்கு அதை முடித்துவிடுகிறேன் என்றாள். முந்தின நாளே அவள் நிற அட்டையைக் காட்டிப் பிடிச்சிருக்கா என்று கேட்டிருந்தாள். அவன் அட்டையைப் பார்க்காமலே தலையாட்டியிருந்தான். அவளுடைய காலடியில் திறந்த டின். லேசாக மஞ்சள் கலந்த வெள்ளை.

ஆள் வைத்துக்கொள்ளலாம் என்றான். நாளைக்குப் பார்க்கலாம் என்றான். பிடிகொடுக்காமல் பேசிப் பேசிப் பார்த்தான். அவள் கேட்கிற மாதிரி இல்லை.

"நீங்க வந்து பிடிச்சுக்குங்க. நீங்க பிடிச்சா எனக்குப் பயமில்லை."

உச்சி வெயில். சுவரோரம் துளி நிழல் இல்லை. சுவர் கண்ணைக் கூசவைத்தது. மைதானத்தின் அந்தக் கோடியில் காற்று புழுதியைக் கிளப்பி, இறக்கி, மறுபடி கிளப்பிக்கொண்டிருந்தது. ஏணியைத் தொட அவனுக்குக் கை வரவில்லை. சரியாகச் சொன்னால், தொடுவதற்குக் கூசியது. கொஞ்சம் அவகாசம் வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான். இந்தச் செடி பிடிச்சிருச்சான்னு ஒரு தடவை இழுத்துப் பார்த்துட்டு வந்துடறேன் என்று சொல்லி, நடுச்செடியின் முன்னால் குந்தினான். சீக்கிரம் வாங்க என்று சொல்லிவிட்டு அவள் முதல் படியில் கால் வைத்தாள். ஒன்றிரண்டு படிதான் ஏறுவாள் என்று நினைத்தான்.

இலைகளுக்குள் கையை விட்டான். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. தண்டின் அடிப்பாகம் விரலில் பட்டது. பட்டை சொரசொரப்பாக இருக்கும் என்று நினைத்தவனுக்கு அது வழவழவென்று பட்டது. பல கை பிடித்துப் பிடித்துத் தேய்ந்த பஸ் கம்பி மாதிரி. பிடித்து, லேசாக இழுத்தான்.

வரவில்லை.

இன்னும் கொஞ்சம் இழுத்தான். வரவில்லை. பிடித்துவிட்டது, நல்லது என்று கையை எடுக்கப் பார்த்தான்.

கை வரவில்லை.

கிளை மாட்டிக்கொண்டது என்றுதான் முதலில் நினைத்தான். மணிக்கட்டைத் திருப்பினான். உள்ளே இருந்ததும் திரும்பியது. மெல்ல, அவசரமில்லாமல், அவன் விரல்களுக்கு நடுவே ஒவ்வொன்றாக நுழைந்தது. அழுத்தியது. கிளை விரலோடு விரல் கோக்காது. கிளைக்கு உள்ளங்கை கிடையாது.

இலைகளுக்குப் பின்னால், செடிக்கும் சுவருக்கும் நடுவே, ஒரு ஆள் நிற்க விட்ட இடத்தில், யாரோ மூச்சு விட்டார்கள். டர்பன்டைன் வாசனை.

"பிடிச்சிருக்கீங்களா?"

மேலேயிருந்து வந்தது. மனைவியின் குரல்தான். நிமிர்ந்தான். அவள் ஒன்றிரண்டு படியில் இல்லை. மாடி ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்தாள். ஒரு கையில் பிரஷ், ஒரு கை சுவரில். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள். கீழே பார்க்கவில்லை. உயரம் என்றால் அவளுக்கும் பயம். அண்ணனைப் போலவே.

மறுகையை ஏணிக்கு நீட்டினான். எட்டவில்லை. உடம்பை நீட்டினான், தோள் கழன்றுவிடும் போல இழுத்தான். விரல்நுனிக்கும் ஏணியின் காலுக்கும் நடுவே ஒரு சாண். ஒரே ஒரு சாண்.

காற்று எழும்பிவிட்டது. காதில் அடைத்தது. ஏணி சுவரில் ஒருமுறை டக்கென்று தட்டியது.

இப்போது சொல்லியாக வேண்டும். அவளிடம் அது ஒன்றுதான் மிச்சமிருக்கிறது, அதை உடைத்தாவது அவளைக் காப்பாற்றியாக வேண்டும். ஒரு வருடமாகத் தொண்டையில் நின்றதைப் பலம் கொண்டமட்டும் கத்தினான்.

"நான் பிடிக்கல! இறங்கு! பிடிக்கல!"

காற்று பாதியைத் தின்றுவிட்டது. மிச்சம் ஒரு சொல்தான் மேலே போயிருக்க வேண்டும். அவள் சிரித்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் சிரிப்பதைக் கேட்டான்.

"டின்னைத் திறந்ததுக்கு அப்புறம் பிடிக்கலேன்னா எப்படி? நேத்தே கேட்டேன்ல? காய்ஞ்சதும் பிடிக்கும், பாருங்க."

"அன்னைக்கும் பிடிக்கல! மச்சானை நான் பிடிக்கவே இல்ல!"

வாயில் புழுதி. குரல் அவன் முகத்திலேயே திரும்பி வந்து விழுந்தது.

"என்ன சொல்றீங்க? காதுல விழல." அவள் குரலில் சிரிப்பு போய்விட்டிருந்தது. "ஏணியைப் பிடிச்சிருக்கீங்களா இல்லையா?"

சுவரின் மூலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. நிழலிலிருந்து. காற்று அதைத் தொடவே இல்லை, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. வெயிலில் நின்று சலித்த குரல். கொஞ்சம் அலுப்பு. சுவரில் சாய்ந்துகொண்டு பேசுகிற தோரணை.

அவனுடைய குரல்.

"பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன்."

அவள் தோள் தளர்ந்தது. சுவரில் ஊன்றியிருந்த கையையும் எடுத்துவிட்டு, பிரஷ்ஷை நீட்டி, கோடு தொடங்குகிற இடத்தை நோக்கி எட்டினாள்.

மைதானத்தைத் தாண்டிக் காற்று வந்தது. நான்கு செடிகள் சுவர்ப் பக்கமாகச் சாய்ந்தன. ஏணியின் ஒரு கால் தரையை விட்டு எழும்பியது. இலைகளுக்குள், அவன் உள்ளங்கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டது அந்தக் கை.